படகுக்கும் நாடி உண்டு

பொங்கல் விழாவன்று நம் சங்கத்துப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், "நாற்பது வருஷமாகப் படகு எஞ்சின் பார்க்கிறீர்கள். நம் பத்திரிகைக்கு அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?" என்று கேட்டார். "எண்ணெயும் கரியும் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்?" என்றேன். "ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எல்லோரும் எலிபெண்டாவுக்குத்தானே அழைத்துப் போகிறோம்? அந்த லாஞ்சின் எஞ்சினை யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்றார். பாயசம் வருவதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே இந்தக் கட்டுரை.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிப்பு முடித்து 1982இல் பம்பாய் வந்தேன். 'பாவ்ச்சா தக்கா' என்று மராட்டியர் சொல்லும் ஃபெரி வார்ஃபில்தான் முதல் வேலை. அங்கே படகோட்டியைத் 'தாண்டேல்' என்பார்கள். எங்கள் ஊர்த் தோணிகளில் தலைவனைத் 'தண்டல்' என்றுதான் அழைப்போம். புது ஊரில் முதல் நாளே காதில் விழுந்த அந்தச் சொல், பாதி வீட்டு நினைவைத் தீர்த்தது.

இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பொருள். தாண்டேலின் முன்னால் இருக்கும் ஆர்.பி.எம். மீட்டர். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் வட்ட முகம். பழைய படகுகளில் பத்துக்கு ஐந்தில் இது செத்துக் கிடக்கும். "சத்தம் கேட்டாலே தெரியும், மீட்டர் எதற்கு?" என்று விட்டுவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். என் நினைப்பை மாற்றிய சம்பவத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மீட்டர் எதற்கு?

காரில் வேகம் காட்டும் மீட்டர் உண்டு. போகும் சாலையும் கண்ணுக்குத் தெரிகிறது. கடலில் சாலை கிடையாது. நீரோட்டம் கூடவந்தால் படகு வேகமாகப் போகும், எதிர்த்தால் மெதுவாகப் போகும். எஞ்சின் படும் பாட்டை அதை வைத்துச் சொல்ல முடியாது. எஞ்சினின் நாடியைப் பிடித்துப் பார்க்க ஆர்.பி.எம். ஒன்றுதான் வழி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. புரொப்பெல்லரைச் சுற்றத் தேவைப்படும் சக்தி, சுற்று வேகத்தின் கன அளவில் ஏறும். சுற்று 10 சதவீதம் கூடினால் சக்தி சுமார் 33 சதவீதம் கூடுகிறது. 15 சதவீதம் கூடினால் ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. கண்ணுக்கும் காதுக்கும் பெரிதாகத் தெரியாத வித்தியாசம், எஞ்சினுக்குள்ளே பெரிய சுமை.

இன்னொரு பயனும் உண்டு. படகின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் பிடித்துவிட்டால், திராட்டிலை முழுவதும் திறந்தாலும் எஞ்சின் வழக்கமான சுற்றை எட்டாது. 2200 போக வேண்டியது 2000இல் நின்று கரும்புகை விட்டால், எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டிப் பாருங்கள் என்று அர்த்தம். புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சிக்கினாலும் இதே அறிகுறிதான். மீட்டர் இல்லாதவன் டீசல் பம்பைப் பிரித்துப் பணத்தைக் கொட்டுவான்.

எப்படி எண்ணுகிறது?

பழைய படகுகளில் மூன்று வகை மீட்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, கேபிள் வகை. பழைய ஸ்கூட்டரின் ஸ்பீடோமீட்டர் கேபிள் போலவே எஞ்சினிலிருந்து ஒரு சுழலும் கம்பி வந்து மீட்டரைத் திருப்பும். மின்சாரமே வேண்டாம். கம்பி வறண்டால் முள் ஆடும், அறுந்தால் விழுந்துவிடும்.

இரண்டாவது, ஆல்டர்னேட்டர் வகை. பெட்ரோல் எஞ்சினில் பிளக்குக்குப் போகும் மின்துடிப்பை எண்ணிச் சுற்றைச் சொல்லிவிடலாம். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆகவே பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் துடிப்பை எண்ணுகிறார்கள். ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது ஏ.சி. மின்சாரம், டயோடுகள் அதை டி.சி.யாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகின்றன. டயோடைத் தொடுவதற்கு முன்பே ஒரு கம்பியை வெளியே எடுத்து 'டபிள்யூ' என்று எழுதிய முனையில் வைத்திருப்பார்கள். மீட்டருக்குப் போவது அந்தக் கம்பிதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் 1500 சுற்று. எஞ்சின் புல்லி 200 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 80 மில்லிமீட்டர் என்றால், ஆல்டர்னேட்டர் இரண்டரை மடங்கு வேகத்தில், அதாவது 3750 சுற்றில் ஓடும். ஒரு விநாடிக்கு 62.5 சுற்று. உள்ளே 12 துருவங்கள் இருந்தால் அது 6 ஜோடி. ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு. ஆக விநாடிக்கு 375 துடிப்பு. மீட்டர் இதை எண்ணி, 'ஓகோ, 1500' என்று முள்ளை நகர்த்துகிறது. இந்தக் கணக்கில் புல்லியின் அளவும் வருகிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்றாவது, காந்த உணரி வகை. ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பற்களுக்கு எதிரே ஒரு சிறு காந்தச் சுருளைத் திருகி வைப்பார்கள். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு துடிப்பு. 120 பல் இருந்தால் 1500 சுற்றில் விநாடிக்கு 3000 துடிப்பு. பெல்ட் நழுவினாலும் இது பொய் சொல்லாது.

நோய் எங்கே?

மீட்டர் வேலை செய்யவில்லை என்றதும் புது மீட்டர் வாங்க ஓடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. என் அனுபவத்தில் பெரும்பாலும் மீட்டர் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது கம்பியும் இணைப்பும்தான். உப்புக் காற்றில் செப்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்து, மேலுறைக்குள்ளேயே பொடியாகிப் போயிருக்கும். வெளியே பார்த்தால் புதுசு போலத் தெரியும்.

கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். லாமிங்டன் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். லுங்கி, துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் எஞ்சின் அறைக்குள் கூடாது. ஓடும் பெல்ட் மன்னிக்காது.

முதலில் முள்ளின் நடத்தையைப் பாருங்கள். பாதி நோயை அதுவே சொல்லிவிடும்.

பக்கத்திலுள்ள ஆயில் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர் எல்லாமே செத்திருந்தால், குறை ஆர்.பி.எம். மீட்டரில் இல்லை. ஃபியூஸ், சாவி, எர்த் இவற்றைப் பாருங்கள்.

மற்றவை ஓடி, இது மட்டும் சாய்ந்து கிடந்தால், துடிப்பைக் கொண்டுவரும் கம்பியைச் சந்தேகியுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் முள் எழாமல், ஒருமுறை எஞ்சினை உறுமவிட்ட பிறகு எழுந்தால், ஆல்டர்னேட்டர் தாமதமாக விழிக்கிறது. சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கின் பல்பு போயிருக்கலாம். அந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது.

முள் நடுங்கினால் தளர்ந்த இணைப்பு அல்லது நழுவும் பெல்ட். கேபிள் வகையென்றால் வறண்ட கம்பி. கிராஃபைட் கிரீஸ் தடவினால் சரியாகும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் அடியோடு விழுந்தால் அலட்சியம் கூடாது. பெல்ட் அறுந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம். பல எஞ்சின்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. செத்த முள் அங்கே முதல் எச்சரிக்கை.

அடுத்து மல்டிமீட்டர். மீட்டரின் பின்னால் பிளஸ், எர்த் இரண்டுக்கும் இடையே டி.சி. வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 12.6 இருக்கும்போது இங்கே 10தான் வந்தால், வழியில் எங்கோ துரு தின்கிறது. சரியாக வந்தால், மல்டிமீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது டபிள்யூ முனையில் பாருங்கள். 12 வோல்ட் படகில் சுமார் 7, 24 வோல்ட் படகில் சுமார் 14 வர வேண்டும். அங்கே வந்து மீட்டரின் பின்னால் வராவிட்டால், நடுவில் உள்ள கம்பிதான் குற்றவாளி. அங்கேயே வராவிட்டால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி எலெக்ட்ரிஷியனிடம் கொடுங்கள்.

காந்த உணரியென்றால், முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூளைத் துடைத்தாலே பலமுறை உயிர் வந்துவிடும். மறுபடி மாட்டும்போது எஞ்சினை நிறுத்தி, கையால் சுற்றி, ஒரு பல் நேர் எதிரே வந்து நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பல்லைத் தொடும்வரை மெதுவாகத் திருகி, அரைச் சுற்று பின்வாங்கி, நட்டை இறுக்குங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் புரியென்றால் அரைச் சுற்றுக்கு முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி; அது போதும். இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்துத் திருகினால், ஸ்டார்ட் செய்ததும் பல் வந்து உணரியின் தலையைச் சீவிவிடும்.

இரட்டை எஞ்சின் படகாக இருந்தால் இன்னும் சுலபம். இடது மீட்டரை வலதிலும், வலதை இடதிலும் மாற்றிப் பாருங்கள். நோய் மீட்டரோடு போனால் மீட்டர் கெட்டது. இடத்திலேயே தங்கினால் கம்பி கெட்டது.

மாற்றுவது எப்படி?

மீட்டர்தான் கெட்டது என்று உறுதியான பிறகு வாங்குங்கள். கடைக்குப் போகுமுன் ஐந்து விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படகு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா? துடிப்பு எங்கிருந்து வருகிறது? ஆல்டர்னேட்டருக்கு எத்தனை துருவம் அல்லது ஃபிளைவீலுக்கு எத்தனை பல்? பலகையிலுள்ள துளையின் அகலம் என்ன? (85 மில்லிமீட்டர் சாதாரணமாகக் காண்பது. ஆனாலும் அளந்துகொள்ளுங்கள்.) எஞ்சினின் உச்ச வேகம் என்ன? 2200 சுற்று எஞ்சினுக்கு 3000 வரை காட்டும் முகம் நன்றாக இருக்கும். 6000 வரை காட்டும் மோட்டார் கார் மீட்டரை வைத்தால் முள் ஒரு மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கும்.

பழையதைக் கழற்றுமுன் அதில் மணிக்கணக்கு காட்டும் எண்கள் இருந்தால் அதைப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் அந்த மணிக்கணக்கை வைத்துத்தான். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எஞ்சின் அப்படித் தொடங்காது.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேட்டரியைத் துண்டியுங்கள். ஓடும் எஞ்சினில் பேட்டரியைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் டயோடுகள் பலியாகும். ஒவ்வொரு கம்பியிலும் துண்டுக் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம். இரும்பு, அலுமினியப் படகுகள் சிலவற்றில் எஞ்சின் உடலை எர்த்தாகப் பயன்படுத்த மாட்டார்கள். திரும்பும் கம்பி தனியாக வரும். அதையே தொடருங்கள். புதுக் கம்பி போடுவதானால் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் களிம்பு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. பிளஸ் கம்பியில் சிறு ஃபியூஸ் ஒன்று அவசியம்.

மாட்டியாயிற்று, முள்ளும் எழுந்துவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இனிமேல்தான் முக்கியமான வேலை இருக்கிறது. புது மீட்டரின் பின்னால் சிறு சுவிட்சுகளோ திருகோ இருக்கும். துருவ எண்ணிக்கைக்கு ஏற்றபடி சுவிட்சை வைத்து, பிறகு உண்மையான சுற்றோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் புல்லியில் மின்னும் ஒட்டுத்தாள் ஒரு துண்டு ஒட்டி, கையில் பிடிக்கும் ஒளி டாக்கோமீட்டரைக் காட்டினால் உண்மை எண் வந்துவிடும். நாக்தேவி ஸ்ட்ரீட் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 1500இல் நிறுத்தி முள்ளைச் சரிசெய்து, 1000இலும் 2000இலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தக் கருவி கிடைக்காவிட்டால், மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் பார்க்கும் வசதி இருந்தால் மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டும் கண்டுபிடிக்கலாம்.

நான் செய்த தவறு

இந்தக் கடைசிப் படியை நான் ஒருமுறை செய்யவில்லை.

2010 மழைக்காலத்தில், கேட்வேயிலிருந்து ஓடும் ஒரு பழைய லாஞ்சு பராமரிப்புக்காகக் கரையேறியிருந்தது. ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று வேறொன்று மாட்டினேன். சார்ஜ் வந்தது, மீட்டர் முள்ளும் எழுந்தது. கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழைய ஆல்டர்னேட்டரின் புல்லி 75 மில்லிமீட்டர், புதியது 86 மில்லிமீட்டர் என்பதை நான் கவனிக்கவில்லை. புல்லி பெரிதானால் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும். மீட்டர் குறைத்துக் காட்டும்.

அந்தப் படகின் தாண்டேல் ஒரு கோலி இனத்துப் பெரியவர். தீபாவளி சமயத்தில் என்னைப் பார்த்தவர், "மிஸ்திரி, எஞ்சின் அழுகிறது. மீட்டர் 1800 சொல்கிறது, என் காது ஒப்புக்கொள்ளவில்லை" என்றார். "மாமா, மீட்டருக்குக் காது கேட்காமல் போகாது, உங்களுக்குத்தான் வயதாகிறது" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். முதலாளியின் உத்தரவு 1800இல் ஓட்ட வேண்டும் என்பது. அவர் முள்ளைப் பார்த்து 1800இலேயே ஓட்டினார்.

2011 ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை. எலிபெண்டாவிலிருந்து திரும்பும் கடைசி நடை. படகு நிறைய ஜனம். ஜவஹர் துவீப்புக்கு எதிரே வரும்போது எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், ஆவியும் புகையுமாக நின்றுவிட்டது. கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம். படகு கப்பல் போகும் தடத்தை நோக்கி நகர்ந்தது. இருட்டும் வந்துவிட்டது. தாண்டேல் நங்கூரம் போட்டு, ஜனங்களை ஒரே பக்கம் கூடாமல் உட்காரவைத்து, பின்னால் வந்த லாஞ்சைக் கூப்பிட்டுக் கயிறு கட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் அழுதுகொண்டே இறங்கினாள் என்று பிறகு சொன்னார்கள்.

முதலாளி தாண்டேலைத்தான் பிடித்தார். கண்மூடித்தனமாக ஓட்டி எஞ்சினைக் கொன்றுவிட்டான் என்று சம்பளத்தைப் பிடித்து, அவரை நிறுத்திவிட்டார். பிரித்துப் பழுதுபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஹெட்டை மாட்டி, பெல்ட்டை இறுக்கும்போதுதான் அந்தப் புல்லி கண்ணில் பட்டது. வயிற்றைக் கலக்கியது. ஒளி டாக்கோமீட்டரை இரவல் வாங்கி வந்து பார்த்தேன். முள் 1800 காட்டும்போது எஞ்சின் ஓடியது 2060. சுற்றில் 15 சதவீதம். சுமையில் ஒன்றரை மடங்கு. மூன்று மாதம், தினமும் பல மணி நேரம் அந்த எஞ்சின் அப்படி ஓடியிருக்கிறது. கிழவரின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அன்று இரவு வீட்டில் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது; மீட்டரின் பின்னால் ஒரு திருகைத் திருப்பினால் தடயமே இருக்காது. என் மனைவிதான், "அந்த மனுஷர் வீட்டிலும் அடுப்பு எரியணுமே" என்றாள். காலையில் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கூலி கிடையாது" என்றார். சரியென்றேன். தாண்டேலைத் திரும்ப அழைத்துப் பிடித்த சம்பளத்தையும் கொடுத்தார்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனிமேல் மீட்டர் மாட்டினால் என் காதையும் கேட்டுக்கொள்" என்றார்.

அதிலிருந்து என் வழக்கம் இதுதான். ஆல்டர்னேட்டர், புல்லி, மீட்டர் எதைத் தொட்டாலும் ஒளி டாக்கோமீட்டரில் ஒப்பிடாமல் படகை விட்டு இறங்குவதில்லை. ஒப்பிட்ட எண்களையும் தேதியையும் மீட்டருக்குக் கீழே சிறு சீட்டில் எழுதி ஒட்டுகிறேன். கடைசியாக, தாண்டேலைக் கூப்பிட்டு, "சத்தம் சரிதானா?" என்று கேட்கிறேன்.

நம் வீடுகளுக்கு

படகு யாரிடமும் இல்லை என்கிறீர்களா? உங்கள் கட்டடத்து ஜெனரேட்டரைப் பாருங்கள். நான்கு துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர வேண்டுமானால் 1500 சுற்றில் ஓட வேண்டும். ஹெர்ட்ஸ் மீட்டர் 50ஐ விட்டு வெகுவாக விலகினால் லிஃப்ட் மோட்டாரும் தண்ணீர் பம்பும் கஷ்டப்படும். அது எஞ்சினின் சுற்று தவறியதற்கு அடையாளம். செயலாளரிடம் சொல்லுங்கள்.

அடுத்தமுறை ஊரிலிருந்து வந்தவர்களை அழைத்துக்கொண்டு லாஞ்சில் ஏறும்போது, முடிந்தால் தாண்டேலின் முன்னால் உள்ள பலகையை எட்டிப் பாருங்கள். முள் எழுந்து நிற்கிறதா என்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள். விழுந்து கிடந்தால் பயப்பட வேண்டாம். "மாமா, மீட்டர் ஓடவில்லையே" என்று மரியாதையாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது நாள் ஒரு மிஸ்திரியைக் கூப்பிடுவார்கள்.